கஸ்பாரின் எடை

கஸ்பாரின் சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரும், தத்தம் தோளில் மட்டும்தான் கனம் விழவில்லை, மற்ற ஐந்து பேர்தான் சுமக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு, ஒருவரிடமும் சொல்லாமல், கோயிலிலிருந்து கல்லறைத் தோட்டம்வரை வெட்கத்தோடு நடந்தார்கள். பெட்டியை இறக்கிவைத்த பிறகுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, ஆறு பேருக்கும் காலிப் பெட்டியின் கனம்தான் இருந்தது என்று தெரிந்துகொண்டார்கள். மூடியை இன்னொரு முறை திறந்து பார்த்தபோது கஸ்பார் உள்ளேதான் இருந்தான், முகச்சவரம் செய்து, கல்யாணத்துக்குத் தைத்த வெள்ளைச் சட்டையில், கண் மூடி. ஆகவே மூடி, இறக்கி, மண் போட்டார்கள். ஒன்பது நாள் மஞ்சள் காமாலை மனிதனை உறிஞ்சிவிடும் என்று சிலுவைத்துறையில் பேசிக்கொண்டார்கள். அவன் அம்மா தஸ்நேவிஸ் மட்டும் குழியின் ஓரத்தில் நின்று, "எம்பிள்ளை எடை எங்க?" என்று கேட்டாள். முப்பத்தொரு வருஷமாக மீன் ஏலக்கூடத்தில் எடை போடுகிறவள் அவள். துக்கத்தில் வாய் பழக்கத்துக்குப் போகிறது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

எடை எங்கே என்பது பதினேழாம் நாள் தெரிந்தது.

சிலுவைத்துறையில் ஒரு பாய்மரப் படகு மன்றம் உண்டு. ஓலைக்கொட்டகை ஒன்று, பதினோரு பந்தயப் படகுகள், பிரிட்டோ என்ற பயிற்சியாளர். பிரிட்டோவும் கஸ்பாரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். பதினோரு படகுகளில் 'ஸ்டெல்லா' கஸ்பாருக்கும் அவன் மனைவி எஸ்கலினுக்கும் உரியது. இரண்டு பேர் ஓட்டும் சின்னப் படகு. எஸ்கலின் பின்னால் உட்கார்ந்து சுக்கானையும் நடுப்பாயையும் பிடிப்பாள். கஸ்பார் முன்பாயைப் பார்ப்பான். காற்று முதுகுப்பக்கம் வந்தால் வயிறு உப்பிய பலூன் பாயை ஏற்றுவான். காற்று பலத்துப் படகு சாய்ந்தால், பாய்மர உச்சியிலிருந்து வரும் கம்பியை இடுப்பில் மாட்டிக்கொண்டு, படகின் விளிம்பில் கால் ஊன்றி, உடம்பு முழுவதையும் கடலுக்கு மேலே நீட்டித் தொங்கி, தன் எடையால் படகை நிமிர்த்துவான். அங்கே தொங்கியபடியே தண்ணீரைப் பார்த்து, எங்கே கருப்பு விழுகிறது, அதாவது எந்தப் பக்கம் அடுத்த காற்று வருகிறது என்று கத்திச் சொல்வான். கரையில் அவனை 'வாங்க, போங்க' என்று பேசுகிற எஸ்கலின், படகில் ஏறிவிட்டால் 'ஏய் கஸ்பார், இழுடா' என்பாள். தண்ணீரில் மரியாதைக்கு நேரமில்லை என்று அவர்களே வைத்துக்கொண்ட ஏற்பாடு அது. ஒன்பது வருஷம் அப்படி ஓட்டினார்கள். தேசியப் போட்டியில் மூன்று முறை ஐந்தாம் இடம், இரண்டு முறை நான்காம் இடம்.

பதினேழாம் நாள் பிரிட்டோ ஸ்டெல்லாவைக் கொட்டகைக்குள் தள்ளிவைக்க வந்தான். இரண்டு பேர் இழுத்தால் ஓடி வருகிற படகு அசையவில்லை. தண்ணீர் கட்டியிருக்கும் என்று கவிழ்த்துப் பார்த்தார்கள், ஒரு சொட்டு இல்லை. கடைசியில் எட்டுப் பேர் சேர்ந்து ஏலக்கூடத்துப் பெரிய தராசுமேல் தூக்கிவைத்தார்கள். தஸ்நேவிஸ் முள்ளைப் பார்த்தாள். நூற்று முப்பது கிலோ. படகின் எடை ஐம்பத்தெட்டு.

"எழுபத்திரெண்டு," என்றாள் தஸ்நேவிஸ். "காமாலைக்கு முந்தி எழுபத்திரெண்டுதான் இருந்தான். எம்பிள்ளை இங்கனதான் இருக்கான்."

படகின் முன்முனையான அணியத்தில் கையை வைத்தாள். பிறகு, சாளை மீன் கூடைகளோடு வியாபாரிகள் காத்திருந்ததால், படகை இறக்கச் சொல்லிவிட்டு அடுத்த எடையைப் போட்டாள்.

ஊர் அதை ஏற்றுக்கொள்ள ஒரு வாரம்கூட ஆகவில்லை. பங்குச்சாமி முப்பதாம் நாள் பூசையைக் கல்லறையில் பாதியும் கொட்டகையில் பாதியுமாக வைத்தார். கிராம அலுவலகத்தில், இறப்புச் சான்றிதழில் எடை எழுத இடம் இல்லாததால், சான்றிதழ் கொடுப்பதில் சிக்கல் இல்லை என்றார்கள். விடியற்காலை கடலுக்குப் போகிறவர்கள் கொட்டகையைத் தாண்டும்போது, "வாறோம்டே கஸ்பாரு" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போனார்கள். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக் கணக்கு டீச்சர், படகு ஐம்பத்தெட்டு, மொத்தம் நூற்று முப்பது, கஸ்பார் எவ்வளவு என்று கரும்பலகையில் கழித்தல் கணக்கு போட்டார். ஏன் எடை மட்டும் பின்தங்கிவிட்டது என்று ஒருவரும் கேட்கவில்லை. படகில் எவ்வளவு நேரம் இருந்தவன், இறங்க மனம் வந்திருக்காது என்றார்கள், அவ்வளவுதான்.

எஸ்கலின் நாற்பது நாள் கடற்கரைப் பக்கமே வரவில்லை. நாற்பத்தொன்றாம் நாள் காலையில் ஈரத்தலையோடு வந்து, யாரிடமும் பேசாமல் ஸ்டெல்லாவில் பாய்மரத்தை நட்டு, பாய் ஏற்றி, எட்டுப் பேர் தள்ளிவிட, கடலுக்குள் போனாள்.

கரையில் நின்றவர்கள் பார்த்தார்கள். பாறைமுனை தாண்டியதும் காற்று பிடித்தது, படகு சாய்ந்தது, சாய்ந்த மறுநொடி, யாரும் இடுப்பில் மாட்டாத அந்தக் கம்பி கடலை நோக்கி விறைத்தது, படகு நிமிர்ந்தது. எஸ்கலின் சுக்கானைப் பிடித்தபடி அந்தக் கம்பியின் முனையில் காலியாக இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் கம்பி லேசாக முன்பக்கம் சாய்ந்தது. கருப்பு விழுவதைக் கண்டால் கஸ்பார் அப்படித்தான் ஓரடி முன்னால் நகர்வான். அவள் படகைத் திருப்பினாள். அந்தப் பக்கம் காற்று இருந்தது.

"ஏய் கஸ்பார்," என்றாள். அழுகை வந்துவிட்டது. இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டுத் திரும்பியபோது உதடு உப்பால் வெடித்திருந்தது.

அடுத்த மாதம் தூத்துக்குடியில் நடந்த சின்னப் பந்தயத்தில் ஸ்டெல்லா கடைசியாக வந்தது. பதிவில் யாரும் தடை சொல்லவில்லை. சென்னையிலிருந்து அளவை அதிகாரியாக வந்த வைஜெயந்தி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு விதிப் புத்தகத்தைப் புரட்டி, படகில் இருவர் இருக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது, இருவரும் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று எங்கேயும் இல்லை என்று சொல்லி, இரண்டு பெயரையும் எழுதிக்கொண்டார். ஆனால் பந்தயத்தில் முன்பாயைத் திருப்ப ஆளில்லை. பலூன் பாய் பைக்குள்ளேயே கிடந்தது.

"எஸ்கலி, நான் சொல்றேன்னு வருத்தப்படாத," என்றான் பிரிட்டோ. "எடைதான் இருக்கு. கை இல்ல. அவன் செஞ்ச வேலையெல்லாம் இனி நீதான் பழகணும். டிசம்பர்ல தேசியப் போட்டி. இன்னும் ஏழு மாசம் இருக்கு."

"அவுகளும் வருவாகளா அண்ணே?"

"வராம எங்க போகப் போறான்?"

அப்படித்தான் அவள் பழக ஆரம்பித்தாள். காலை ஐந்தரைக்குக் கடலில் இருப்பாள். முழங்காலுக்கு இடையில் சுக்கான் கட்டையை இறுக்கிக்கொண்டு, நடுப்பாயின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் முன்பாயைத் திருப்பினாள். ஒரு காலைக்கு நூறு திருப்பம், நூறையும் பிரிட்டோ கூடவே வந்த மோட்டார் படகிலிருந்து எண்ணினான். முதல் வாரம் நூறில் எழுபது தடவை படகு நின்றுபோனது. மூன்றாம் வாரம் நூறில் ஐந்து. அந்தச் சனிக்கிழமை, வாராவாரம் ஸ்டெல்லாவைத் தராசில் ஏற்றிப் படகின் எடையைக் கழித்துப் பார்க்கும்போது, தஸ்நேவிஸ் முள்ளை இரண்டு முறை பார்த்தாள்.

"அறுபத்தாறு," என்றாள்.

தராசில் ஈரம், காற்று என்று ஏதேதோ சொன்னார்கள். எஸ்கலின் பலூன் பாய்க்குப் போனாள். தனியாளாக அதை ஏற்றுவதற்குக் கயிறுகளை இடம் மாற்றிக் கட்டி, ஏற்றும்போது காலால் சுக்கானைப் பிடிக்கப் பழகி, விரல் தோல் உரிந்து, பிளாஸ்திரி ஒட்டி, அதுவும் உரிந்து, ஒரு நாள் பதினோரு நொடியில் ஏற்றிவிட்டாள். கஸ்பாருக்கு ஒன்பது நொடி ஆகும். கரைக்கு வந்து எடை போட்டார்கள். ஐம்பத்தேழு.

ஆனி மாத நடுவில் அவள் கம்பியில் தொங்கப் பழகினாள். சுக்கான் கட்டைக்கு நீளமான பிடி ஒன்றைப் பிரிட்டோ செய்துகொடுத்தான். இடுப்பில் கம்பியை மாட்டி, விளிம்பில் கால் ஊன்றி, முதுகைத் தண்ணீருக்குக் கொடுத்துக் கடலுக்கு மேலே நீட்டியபோதுதான் கஸ்பார் ஒன்பது வருஷம் எதைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. அங்கிருந்து பார்த்தால், பின்னால் உட்கார்ந்து சுக்கான் பிடிக்கிறவளின் முகம் நேர் எதிரே இருக்கும். கடல் அதற்குப் பின்னால்தான். அவன் இடத்தில் அவள் தொங்கிக்கொண்டிருந்தாள். அவனுடைய எடை படகுக்குள் நகர்ந்து, ஒன்றும் செய்வதற்கில்லாமல் நடுவில் உட்கார்ந்திருந்தது. அன்று சாயங்காலம் படகின் எடை போக நாற்பத்தொன்பது நின்றது.

யாரும் சொல்லாமலே அவளுக்குப் புரிந்தது. அவள் ஒன்றைக் கற்றுக்கொண்டால் அவன் அதை விட்டுவிடுகிறான்.

அன்றிலிருந்து அவள் பயிற்சியை நிறுத்தினாள். காலையில் வருவாள், கொட்டகைக்குள் படகில் ஏறி உட்கார்ந்துகொள்வாள், சாப்பாட்டு நேரத்துக்கு இறங்கிப் போவாள். சனிக்கிழமைதோறும் எடை போட்டார்கள். நாற்பத்தொன்பது, நாற்பத்தொன்பது, நாற்பத்தொன்பது. ஊரிலும் நிம்மதியாக இருந்தார்கள். மாதாவே பிடித்து வைத்திருக்கிறாள் என்றார்கள்.

பிரிட்டோ மட்டும் ஒரு நாள் கொட்டகைக்கு வந்து அவள் எதிரே மணலில் உட்கார்ந்தான். மன்றத்தில் பாய்மரமும் பாயும் கம்பிகளும் சேர்ந்ததை ரிக் என்பார்கள். ஸ்டெல்லாவுக்குப் பெரிய ரிக் ஒன்றும் சின்ன ரிக் ஒன்றும் இருந்தன. படகில் இருக்கும் ஆட்களின் எடையைப் பார்த்து எதை நடுவது என்று முடிவு செய்ய வேண்டும். சின்ன ரிக் வாங்கிய நாளிலிருந்து உறை பிரிக்காமல் மூலையில் நின்றது.

"நீ அம்பத்திரெண்டு. அவன் நாப்பத்தொம்பது. நூத்தியொண்ணு," என்றான். "பெரிய ரிக்குக்கு நூத்திப் பதினஞ்சாவது வேணும். நீ ஓட்டுறதா இருந்தா சின்னதை நடு."

"சின்னதை நட்டா வேகம் போயிராதா?"

"எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க. பாய் பெருசானா வேகம்னு. நிமிந்து நிக்கிற படகுதான் ஓடும். சாஞ்ச படகு தண்ணியைத் தள்ளிக்கிட்டுக் கெடக்கும். உன்னால நிமித்த முடிஞ்ச பாய்தான் உனக்குச் சரியான பாய்."

"பெரிய ரிக்கு அவுக எடைக்குன்னு அவுகளே பாத்து வாங்குனது அண்ணே. அதைக் கழட்டுனா அவுக இல்லேன்னு நானே சொன்ன மாதிரி ஆயிரும்."

பிரிட்டோ மண்ணைக் கிளறிக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போனான்.

ஆடி பிறந்து, மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று வீச ஆரம்பித்த மூன்றாம் நாள், பிரிட்டோவிடம் சொல்லாமல், எஸ்கலின் பெரிய ரிக்கோடு கடலில் இறங்கினாள். பழக அல்ல, சும்மா கஸ்பாரோடு போய்வரத்தான் என்று பிறகு சொன்னாள். பாறைமுனை தாண்டியதும் கச்சான் நிலத்திலிருந்து மணலைத் தூக்கிக்கொண்டு வந்து பாயில் அறைந்தது. ஸ்டெல்லா ஒரே அடியில் சாய்ந்து, பாய்மரம் தண்ணீரைத் தொட்டு, அப்படியே தலைகீழாகக் கவிழ்ந்தது. எஸ்கலின் அடியில் அகப்பட்டாள். கவிழ்ந்த படகை நிமிர்த்துவது அவளுக்குத் தெரியாத வேலை அல்ல. நூறு தடவை செய்திருக்கிறாள். ஆனால் இந்த முறை உள்ளேயிருந்து எப்படித் தள்ளினாலும் படகு அசையவில்லை. அவள் இருந்த பக்கத்திலேயே நாற்பத்தொன்பது கிலோவும் வந்து, அவளை விடாமல், பிடிவாதமாக, அன்பாக அழுத்திக்கொண்டிருந்தது. அவள் அந்த இருட்டுத் தண்ணீரில், "கஸ்பார், தள்ளிக்கோடா," என்று வாய் நிறைய உப்போடு கத்தினாள். எடை நகரவில்லை. நண்டு வலையோடு வந்த வள்ளத்திலிருந்து நான்கு பேர் குதித்து, படகைப் புரட்டி, அவளை முடியைப் பிடித்து இழுத்துப்போட்டார்கள்.

மூன்று நாள் கட்டிலில் கிடந்தாள். மூன்றாம் நாள் தஸ்நேவிஸ் கஞ்சியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கஸ்பார் பிறந்ததிலிருந்து இருபது வயதுவரை ஒவ்வொரு பிறந்த நாளும் பூசை முடிந்து நேரே ஏலக்கூடத்துக்குக் கூட்டிப்போய், மீன் தராசில் அவனை நிறுத்தி எடை பார்த்தவள் அவள். ஒரு எண்ணும் மறக்கவில்லை.

"ஏளா, நாப்பத்தொம்பது அவன் பதினாலு வயசுல இருந்த எடை," என்றாள். "மீசை அரும்பிருந்துச்சு. அந்த வருசந்தான் சைக்கிள்ல இருந்து விழுந்து பல்லை ஒடைச்சுக்கிட்டான். யார்ட்டயும் பேச மாட்டான். சோத்தை மட்டும் குண்டான் குண்டானா திம்பான்."

எஸ்கலின் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "எனக்கு அந்தப் பையனைத் தெரியாது மாமி. நான் கட்டிக்கிட்டது எழுபது கிலோ ஆளை. அவுக எப்பவோ போயிட்டாக. நான்தான் கத்துக்கிட்டுக் கத்துக்கிட்டு அனுப்பிட்டேன். இப்பப் படகுல இருக்கிறது யாரு?"

"எனக்குத் தெரியும் அவனை," என்றாள் தஸ்நேவிஸ். கஞ்சியைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தாள். "உன்னோட பங்கு முடிஞ்சிருச்சு எஸ்கலி. இனி இருக்கிறது எம்பங்கு. பதினாலுக்குக் கீழ உள்ளது முழுக்க என்னோடது. நீ ஓட்டு. நல்லா ஓட்டு. நான் ஒவ்வொண்ணா ஒருக்காப் பாத்துக்கிடுதேன்."

எஸ்கலின் திரும்பி மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். உன் பங்கை நீ எடுத்துக்கொண்டாய், பரவாயில்லை என்று சொல்லும் முகம் அது. அதைப் பார்த்த பிறகு அவளால் படுத்திருக்க முடியவில்லை. மறுநாள் பிரிட்டோவும் அவளும் சின்ன ரிக்கை உறை பிரித்து நட்டார்கள். பெரிய பாயை அவள் மூலையோடு மூலை சேர்த்து மடித்தாள். பிரிட்டோ மறுமுனையைப் பிடித்துக்கொண்டு வேறெங்கோ பார்த்தான்.

சின்னப் பாயில் ஸ்டெல்லா வேறு படகாகிவிட்டது. கச்சானிலும் நிமிர்ந்து நின்றது. எஸ்கலினுக்குக் கயிறு ஒவ்வொன்றும் விரலில் பேசியது. அலையின் முதுகில் ஏறும்போது முன்னால் சாயவும், இறங்கும்போது பின்னால் நகரவும், பாய்மரத்தை வளைத்துப் பாயின் வயிற்றைத் தட்டையாக்கவும், மற்றப் படகு தன் காற்றை மறைக்காமல் ஒதுங்கவும் கற்றாள். கற்றுக்கொண்ட ஒவ்வொரு நாளும் சாயங்காலம் தஸ்நேவிஸ் படகைத் தராசில் ஏற்றவைத்து, எடையைச் சொல்லிவிட்டு, புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, படகுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டாள். முப்பத்தெட்டு கிலோவில், பன்னிரண்டு வயதுக்காரனைப் பரீட்சைக்குப் படிக்கச் சொல்லித் திட்டினாள். இருபத்தாறில், மாங்காய் திருடியதற்காக அன்று அடித்தது தப்பு என்றாள். பதினேழில் கதை சொன்னாள். ஏலக்கூடத்துப் பெண்கள் அவளவளுக்கு முடிந்ததைக் கொண்டுவந்தார்கள்; ஒருத்தி பனங்கிழங்கு, ஒருத்தி தன் மகனுக்குச் சின்னதாகிப்போன கால்சட்டை. பன்னிரண்டு கிலோவுக்கு வந்தபோது, அந்த வயசில் அவனுக்குக் கரப்பான் வந்தது என்று நினைவு வந்து, படகின் பலகைகளில் வேப்பெண்ணெய் தடவினாள். ஒன்பதுக்கு வந்தபோது படகுக்குள் ஏறுகிறவர்கள் செருப்பைக் கழற்றினார்கள். ஏழில், பேசினால் எழுந்துவிடுவான் என்பதுபோல், கொட்டகைப் பக்கம் எல்லோரும் மெதுவாகப் பேசினார்கள்.

டிசம்பர் முதல் வாரம் சிலுவைத்துறைக்கு வெளியே கடலில் தேசியப் போட்டி நடந்தது. முப்பத்திரண்டு படகுகள். நான்கு நாளில் எட்டுப் பந்தயம். வைஜெயந்தி மறுபடியும் வந்து எடை பார்த்து, இரண்டாவது ஆளுக்கு இத்தனை கிலோ இருக்க வேண்டும் என்று விதியில் இல்லை என்று சொல்லி இரண்டு பெயரையும் எழுதிக்கொண்டார். ஏழு பந்தயம் முடிந்தபோது ஸ்டெல்லா மூன்றாம் இடத்தில் இருந்தது. எஸ்கலின் எல்லாவற்றையும் கற்றுவிட்டாள், ஒன்றைத் தவிர. கருப்பு விழுவதைப் பார்க்க அவள் கற்கவில்லை. தேவைப்படவில்லை. படகுக்குள் இருந்த அந்தச் சின்னக் கனம், அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும், காற்று வரும் பக்கம் துளி நகரும். அவள் அந்த அசைவை உள்ளங்காலில் வாங்கிப் படகைத் திருப்பிவிடுவாள்.

கடைசி நாள் காலையில் தஸ்நேவிஸ் பெரிய தராசில் படகை வைத்துப் பார்த்தாள். பிறகு நம்பாமல், இறால் நிறுக்கும் சின்னத் தராசின் எடைக்கற்களைக் கொண்டுவந்து பெரிய தராசின் தட்டில் ஒவ்வொன்றாக வைத்துச் சரிபார்த்தாள்.

"மூணே கால்," என்றாள். "பொறந்தப்போ மூணே கால்தான் இருந்தான்."

பிரிட்டோ முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். தஸ்நேவிஸ் படகுக்குள் ஏறி, நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியைச் சரிசெய்துகொண்டாள். அவள் புடவை மடியில், ஒரு பெரிய மீன் கிடப்பதைப்போல, ஒரு சின்னக் குழி விழுந்தது. அவள் அதன்மேல் கையை வைக்காமல் சற்று உயரத்தில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வெளியே பந்தயத்துக்கு முதல் கொடி ஏறியது. எஸ்கலின் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டாள்.

"நான் போகல மாமி. மூணாமிடம் போதும். இது இப்படியே இருக்கட்டும். கொட்டகையில வச்சுப் பாத்துக்கிடலாம், நீங்களும் நானும்."

தஸ்நேவிஸ் மடியைப் பார்த்துக் குனிந்தாள்.

"சின்னப் பிள்ளையில அவனை ராத்திரி பூரா மடியில வச்சிருப்பேன்," என்றாள். "கால் மரத்துப்போயிரும். எறக்கிவிட மனசு வராது. எங்க மாமியாதான் வந்து வாங்கிக்கிடுவா. நீ தூங்குளான்னு சொல்லி வாங்கிக்கிடுவா." முகத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள். "இதுக்குக் கீழ எங்கிட்ட எடை இல்ல எஸ்கலி. எனக்கு ஞாபகம் வச்சிருக்கிறதுக்கு ஒண்ணும் மிச்சமில்ல. நீ வாங்கிக்கோ."

மடியைக் கலைக்காமல் மெதுவாக எழுந்தாள். குழி புடவையைவிட்டுப் படகின் பலகைக்கு இறங்கியது. தன் கையாலேயே படகைத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டாள்.

அன்று வாடைக்காற்று நிலையில்லாமல் வீசியது. படகுகள் சுற்றிவர வேண்டிய முதல் மிதவைக்குப் போகும்போது ஸ்டெல்லா பதினெட்டாவதாக இருந்தது. எஸ்கலின் உள்ளங்காலில் காத்திருந்தாள். ஏதோ நகர்ந்ததுபோல் இருந்தது, திருப்பினாள், அங்கே காற்று இல்லை. மறுபடி காத்திருந்தாள். அலையின் அசைவா அவன் அசைவா என்று பிரிக்க முடியாத அளவு சின்னதாகிவிட்டான். மூன்று படகுகள் தாண்டிப்போயின. அப்போது அவள் கம்பியை இடுப்பில் மாட்டி, வெளியே நீட்டித் தொங்கி, தலையைத் திருப்பித் தண்ணீரைப் பார்த்தாள்.

தண்ணீரில் எல்லாம் எழுதியிருந்தது. வடக்கே தூரத்தில் ஒரு கருப்பு, நெளிந்து, கிழக்கே ஓடி, அதன் ஓரத்தில் வெளிறிய ஒரு சந்து, அதற்கு அப்பால் இன்னொரு கருப்பு. ஒன்பது வருஷம் அவன் கத்திக் கத்திச் சொன்னது இதுதானா என்று நினைத்தாள். அடுத்த கருப்பு எப்போது படகைத் தொடும் என்று அவளுக்குத் தெரிந்தது, தொட்டது. அடுத்தது தெரிந்தது. அதன்பின் நினைக்க நேரமில்லை. இரண்டாம் மிதவையில் ஸ்டெல்லா ஒன்பதாவது, மூன்றில் நான்காவது. பலூன் பாயை ஏற்றி, கரையிலிருந்த ஊர் முழுவதும் தண்ணீருக்குள் இறங்கி நின்று கத்திக்கொண்டிருக்க, எஸ்கலின் முதலாவதாகக் கோட்டைத் தாண்டினாள்.

மொத்தத்தில் இரண்டாம் இடம். மேடையில் இரண்டு பெயரைப் படித்து இரண்டு பதக்கம் கொடுத்தார்கள். அவள் இரண்டையும் வாங்கிக்கொண்டாள், யாரோ ஒரு பாட்டிலில் தண்ணீர் கொடுத்தார்கள், குடித்தாள், படம் எடுத்தார்கள், நின்றாள். பிறகு படகு இருந்த இடத்துக்கு நடந்தாள். தஸ்நேவிஸ் அங்கே இருந்தாள். வாளியில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து, பாயில் படிந்த உப்பை, யாரும் சொல்லாமலே, கையால் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். எஸ்கலின் படகின் அணியத்தைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். லேசாக வந்தது.

தஸ்நேவிஸ் தலை நிமிரவில்லை. பாயின் ஒரே இடத்தைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"எந்த இடத்துல போனான்?"

எஸ்கலின் பந்தயத்தை மனசுக்குள் திரும்ப ஓட்டினாள். முதல் மிதவையிலா, இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவிலா, அந்த வெளிறிய சந்தைக் கடந்தபோதா. நினைத்து நினைத்துப் பார்த்தாள். பொய் சொல்லவும் ஒரு இடம் கிடைக்கவில்லை.

"தெரியல மாமி," என்றாள். "நான் காத்தைப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

தஸ்நேவிஸின் கை நின்றது. வாளி உருண்டது. கல்லறையில் அழாதவள், தராசின்முன் அழாதவள், அப்போதுதான் வாய்விட்டு, கடற்கரையின் அந்தக் கோடியில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நிற்கும்படி அழுதாள். எழுந்திருக்கப் பார்த்து முடியாமல் தடுமாறியவளை எஸ்கலின் ஓடிப்போய்ப் பிடித்தாள். கிழவி தன் உடம்பு முழுவதையும் மருமகள்மேல் சாய்த்துவிட்டாள். நல்ல கனமாக இருந்தாள். எஸ்கலின் ஈர மணலில் காலை அகட்டி ஊன்றி, அந்தக் கனத்தை வாங்கிக்கொண்டு, விழாமல் நின்றாள்.